‘நான் தாராளவாதி’ என்றதும் எந்தக் கட்சி என்று கேட்கிறார்கள்

வாசகரின் கேள்வி: என்னைத் தாராளவாதி என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். பேச்சுரிமை, தனிமனித உரிமை, அரசின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை, இவைதான் எனக்கு முக்கியம். ஆனால் விவாதத்தில் அப்படிச் சொன்னதுமே, அந்தப் பெயரில் இயங்கும் ஒரு கட்சி செய்த தப்புக்கெல்லாம் நான் பதில் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது. போன வாரம் ஓர் ஆய்வுப் படிவத்தில் ‘அரசியல் நிலைப்பாடு’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கட்சியைப் போடுவதா, கருத்தைப் போடுவதா என்று தெரியாமல் காலியாக விட்டேன். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பேசுவது?

பதில்: படிவத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஒரு பழைய வாக்கெடுப்பு.

1867 மே 20. பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா விவாதத்தில் இருக்கிறது. லிபரல், அதாவது தாராளவாதக் கட்சியின் உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுந்து ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்கிறார்: ‘ஆண்’ என்று இருக்கும் இடத்தில் ‘நபர்’ என்று போடுங்கள். போட்டிருந்தால், மற்றத் தகுதிகள் உள்ள பெண்களுக்கும் வாக்கு கிடைத்திருக்கும். ஆதரவு 73, எதிர்ப்பு 196. திருத்தம் தோற்றது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மில் தன் தொகுதியையும் இழந்தார்.

தாராளவாதத் தத்துவம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் மில்லின் பெயரும் ஒன்று. உரிமை மனிதருக்கு என்றால் மனிதரில் பாதிப்பேரை எப்படி வெளியே நிறுத்துவது என்ற கேள்வி அவருடைய தத்துவத்திலிருந்து நேராக வருவது. அவருடைய கட்சியோ, தாராளவாதி என்ற பெயரைப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தும், அதைத் தன் நிலைப்பாடாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மசோதாவைக் கொண்டுவந்ததே பழமைவாதக் கட்சியின் அரசுதான். முந்தின ஆண்டு லிபரல் அரசு இதைவிடச் சிறிய ஒரு மசோதாவைக் கொண்டுவந்தபோது, சொந்தக் கட்சிக்காரர்கள் சிலரே எதிரணியோடு சேர்ந்து அதைக் கவிழ்த்தார்கள், அரசும் போயிற்று. பின்னால் வந்த பழமைவாதத் தலைவர்கள் டெர்பி, டிஸ்ரேலி இருவரின் அரசு பெரிய மசோதாவாகவே நிறைவேற்றி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாக்காளர் எண்ணிக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது. மாற்றத்தை நிதானமாக, சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்ற பழமைவாதத் தத்துவம் அந்த ஓராண்டில் தலைகீழாகிவிடவில்லை. எதிரணியை முந்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கிடைத்தது; கட்சி அதைப் பிடித்துக்கொண்டது.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. தத்துவம் ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் தேடுவது. அரசு எதற்கு, அதன் அதிகாரம் எங்கே நிற்க வேண்டும், சமத்துவமும் சுதந்திரமும் மோதினால் எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அது யோசிக்கும். யாரையும் ஜெயிக்க வைக்க வேண்டிய கட்டாயம் அதற்குக் கிடையாது. கட்சிக்கு அந்தக் கட்டாயம்தான் முதல் வேலை. ஆள் திரட்ட வேண்டும், ஓட்டு வாங்க வேண்டும், கூட்டணி பேச வேண்டும், கொறடா சொன்னபடி உறுப்பினர்களைக் கையைத் தூக்க வைக்க வேண்டும். ஆகவே கட்சிப் பெயர் பெரும்பாலும் ‘யாரோடு நிற்கிறேன்’ என்பதைத்தான் சொல்லும்.

தமிழில் நமக்குக் கூடுதலாக ஒரு குழப்பம். ‘கொள்கை’ என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். ‘கொள்கைப் பிடிப்புள்ளவர்’ என்றால் தத்துவம். ‘வரிக் கொள்கை’ என்றால் இந்த ஆண்டு போட்டு அடுத்த ஆண்டு மாற்றக்கூடிய நடைமுறைத் திட்டம். ‘கட்சியின் கொள்கை’ என்று ஒருவர் சொல்லும்போது இதில் எதைச் சொல்கிறார் என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே ஓய்ந்துவிடும்.

பெயர்களை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் லிபரல் கட்சி, 1944-ல் ராபர்ட் மென்சீஸ் முன்னின்று தொடங்கியது, அந்நாட்டின் முக்கிய வலதுசாரிக் கட்சி. ஜப்பானின் லிபரல் ஜனநாயகக் கட்சி 1955-ல் இரண்டு பழமைவாதக் கட்சிகள் இணைந்து பிறந்தது. ரஷ்யாவில் அதே பெயரில் இருப்பது கடும் தேசியவாதக் கட்சி. போர்ச்சுகலில் சமூக ஜனநாயகக் கட்சி என்பது நடு-வலது. டென்மார்க்கின் வென்ஸ்ட்ரே எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். அந்தச் சொல்லுக்கு ‘இடது’ என்றே பொருள். கட்சி இருப்பதோ வலப்பக்கம். பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பெருநிலக்கிழார்களின் கட்சிக்கு எதிரே அவர்கள் இடதாகத்தான் இருந்தார்கள். அப்புறம் சோசலிஸ்டுகள் வந்து அவர்களுக்கும் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆள் நகரவில்லை, வரிசை நீண்டுவிட்டது.

கட்சியே நகர்வதும் உண்டு. ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959-ல் பாட் கோடஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தை அதிகாரபூர்வமாகக் கைவிட்டது. பிரிட்டனின் தொழிற்கட்சி, உற்பத்திச் சாதனங்களின் பொது உடைமையைப் பேசும் 1918-ஆம் ஆண்டு விதியை 1995-ல் மாற்றி எழுதியது. இரண்டு கட்சிக்கும் பெயர் அப்படியே இருக்கிறது.

ஒரே பெயருக்குள் நேர் எதிரானவர்களும் இருப்பார்கள். அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964-ன் குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் இறுதி வாக்கெடுப்புக்கு வந்தபோது ஜனநாயகக் கட்சியினர் 46 பேர் ஆதரித்தார்கள், 21 பேர் எதிர்த்தார்கள். குடியரசுக் கட்சியில் 27 ஆதரவு, 6 எதிர்ப்பு. அன்றைக்கு ஒருவர் ‘நான் ஜனநாயகக் கட்சி’ என்றால், நிறவெறியைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது.

தத்துவத்தின் பெயர்களும் முழுச் சுத்தம் என்று எண்ண வேண்டாம். பழமைவாதச் சிந்தனையின் மூலவராகக் கருதப்படும் எட்மண்ட் பர்க், வாழ்ந்த காலத்தில் விக் கட்சிக்காரர். பிற்காலத்து லிபரல் கட்சிக்குத் தாய்வேர்களில் ஒன்று அந்த விக் கட்சி. சந்தைப் பொருளாதாரத்துக்காக வாதாடிய ஹாயெக்கைப் பழமைவாதக் கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். அவரோ தான் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960-ல் தனிக் கட்டுரையே எழுதினார். ‘பழைய விக்’ என்ற பெயர்தான் தனக்குப் பொருந்தும் என்றார்.

சரி, விவாதத்துக்கு வருவோம். ‘அந்தக் கட்சி செய்ததற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்’ என்று மடக்கினால், ‘அது உண்மையான தாராளவாதமே இல்லை’ என்று சொல்லித் தப்பிக்கத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எல்லாச் சித்தாந்தக்காரர்களும் சொல்லும் சாக்கு அது. நடந்த தவறெல்லாம் போலி, நடக்காத நல்லதெல்லாம் அசல் என்று கணக்கெழுதினால் எந்தத் தத்துவமும் ஒருநாளும் தோற்காது.

அதற்குப் பதிலாக ஒன்று கேளுங்கள்: அந்த முடிவை எடுத்தபோது கட்சி சொன்ன காரணம் என்ன, செய்தது அந்தக் காரணத்திலிருந்து வருகிறதா? அரசு தலையிடக் கூடாது என்ற கருத்தைச் சொல்லி ஒரு கட்சி பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தி, அதனால் ஆலைகளில் விபத்து கூடினால், அதற்கு அந்தக் கருத்தும் பதில் சொல்லியே ஆக வேண்டும். நீங்களும் யோசிக்க வேண்டும். அதே கட்சி செய்தித்தாளை முடக்கினால், அது தன் பெயரிலுள்ள கருத்தை மீறிய செயல். அங்கே குற்றவாளி கட்சி. முதல் வகையை ஒப்புக்கொள்ளும் நேர்மை இருந்தால்தான் இரண்டாவதில் நீங்கள் பிரித்துப் பேசுவது எடுபடும்.

எதிராளியை விட்டுவிட்டு நம்மையும் கொஞ்சம் சோதித்துக்கொள்ளலாம். சமூக உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களிடம் நலத்திட்ட முன்மொழிவுகளைக் கொடுத்து, இதை இந்தக் கட்சி ஆதரிக்கிறது என்றும் சொல்லிவைத்தார். திட்டம் நிறைய உதவி தருவதா, கறாரானதா என்பதைவிட, தங்கள் கட்சி அதை ஆதரிக்கிறது என்ற ஒரு தகவல்தான் பலருடைய முடிவைத் தீர்மானித்தது. கேட்டால், திட்டத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள்.

நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி. ஒரு தேர்தல் அறிக்கையிலிருந்து பத்து வாக்குறுதிகளைக் கட்சிப் பெயர் இல்லாமல் வேறொருவரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று போட்டு, பக்கத்தில் ஒரு வரியில் காரணம் எழுதுங்கள். காரணங்களை மட்டும் தனியாகப் படித்தால் உங்கள் தத்துவம் தெரியும். அது ஒரே சித்தாந்தத்துக்குள் அடங்காமல் போகலாம், பரவாயில்லை. பெண்களுக்கு வாக்கு கேட்ட அதே மில், படித்தவர்களுக்குக் கூடுதல் வாக்கு தரலாம் என்றும் 1861-ல் எழுதியவர்தான்.

இதனால் கட்சி அடையாளமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாக்குச்சீட்டில் தத்துவங்கள் நிற்பதில்லை. ஐந்து விஷயத்தில் ஒத்துப்போய் இரண்டில் முரண்படும் கட்சிக்கு ஓட்டுப் போடுவதும், அதில் உறுப்பினராக இருந்துகொண்டே அந்த இரண்டுக்காகச் சண்டை போடுவதும் சாதாரணம். மில் செய்ததும் அதுதான்.

இனி அந்தப் படிவம். வாக்காளர் ஆய்வுகளில் ‘எந்தக் கட்சிக்கு நெருக்கமானவர்’ என்பதையும், ‘இடது, வலது அளவுகோலில் எங்கே நிற்கிறீர்கள்’ என்பதையும் தனித்தனியாகக் கேட்பது வழக்கம். உங்கள் படிவத்தில் ‘நிலைப்பாடு’ என்று மட்டும் இருந்தால் ‘தாராளவாதி’ என்று எழுதி, இடம் இருந்தால் பக்கத்தில் ‘பேச்சுரிமை, அரசதிகாரத்துக்கு எல்லை’ என்று சேர்த்துவிடுங்கள். கட்சி என்று தனிக் கட்டம் இருந்து, எதையும் உங்கள் கட்சியாக நினைக்கவில்லை என்றால் ‘எதுவுமில்லை’ என்று போடுங்கள். காலியாக விட்டால் பதில் சொல்லவில்லை என்று கணக்கெடுத்துவிடுவார்கள்.