அறுவடை வண்டி இறங்கும் வயலில் உளுந்தை எந்த நாளில் தெளிப்பது?

மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "சம்பா அறுவடைக்குப் பத்து நாள் முன்பாக, நெல் நிற்கும்போதே ஏக்கருக்கு 8 கிலோ உளுந்து தெளித்தேன். நன்றாகவே முளைத்தது. அறுவடை வண்டி இறங்கி ஏறிய பிறகு வயலில் பாதிச் செடிதான் மிஞ்சியது. அதிலும் பூ உதிர்ந்து, மகசூல் இரண்டு மூட்டையைத் தாண்டவில்லை. இந்தத் தையில் எதை மாற்ற வேண்டும்?"

முதலில் மாற்ற வேண்டியது தெளிக்கும் நாளை. அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பு தெளிப்பது ஆள் வைத்துக் கதிர் அறுத்த காலத்துக் கணக்கு. அறுப்பவர் காலடியில் சில செடிகள் மிதிபட்டாலும் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். வண்டி அப்படியல்ல. பத்தாம் நாளில் உளுந்து இரண்டு இலை விட்டு நிமிர்ந்து நிற்கும். அந்த நிலையில் வண்டியின் செயின் (டயருக்குப் பதிலாகச் சுழலும் பட்டை) ஏறித் தண்டு ஒடிந்தால் மறுபடி துளிர்ப்பது அரிது. விதை ஊறி, முளை வெளியே தலைகாட்டாமல் இருக்கும் மூன்று நான்கு நாள் பருவத்தில் வண்டி சென்றால் சேதம் மிகக் குறைவு. சில இடங்களில் விதை சேற்றில் அழுந்தி மண்ணோடு நன்றாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆகவே வண்டி வரும் நாள் உறுதியான பிறகு, அதற்கு மூன்று நான்கு நாள் முன்பாகத் தெளியுங்கள். "நாளை வந்துவிடும்" என்று தரகர் சொல்வதை நம்பித் தெளித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தால் பழைய கதைதான். பக்கத்து வயலில் வண்டி இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகு விதையைச் சாக்கிலிருந்து எடுப்பவர்களே விவரமானவர்கள். டயர் வண்டியைவிடச் செயின் வண்டி ஈர வயலில் குறைவாகவே பள்ளம் பறிக்கும் என்பதால், கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்குங்கள்.

நாளைப் போலவே மண்ணின் பதமும் முக்கியம். மெழுகுப் பதம் என்று நம் பெரியவர்கள் சொல்வதைக் காலாலேயே அறியலாம். காலையில் வெறுங்காலோடு வயலில் இறங்கி நின்று காலை எடுத்தால் தடம் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தத் தடத்தில் தண்ணீர் ஊறி நிற்கக் கூடாது. நீர் ஊறினால் விதை அழுகும். மண்ணில் மயிரிழை வெடிப்புகள் தோன்றிவிட்டால் தெளித்த விதையில் பாதி முளைக்கவே முளைக்காது. வண்டி வரும் நாளில் இந்தப் பதம் அமைய, நீரை எப்போது வடிப்பது என்பதை உங்கள் வயலின் களித்தன்மையைப் பார்த்து முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வண்டி தாமதமாகி ஈரம் போய்விடும் நிலை வந்தால், வண்டிக்காகக் காத்திருந்து ஈரத்தை இழப்பதைவிட, விதை அளவைக் கூட்டித் தெளித்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இனி விதை அளவு. நூறு உளுந்து ஏறத்தாழ நாலரை கிராம் எடை இருக்கும். அப்படியானால் 8 கிலோவில் சுமார் 1,78,000 விதைகள். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் என்பதால் ஒரு சதுர மீட்டருக்கு 44 விதை மட்டுமே விழும். நமக்கு வேண்டியதோ சதுர மீட்டருக்கு 33 செடி. முளைக்காதவை, பறவை கொத்தியவை, வண்டி நசுக்கியவை எல்லாம் போக 33 தேற வேண்டுமானால் 44 போதாது. 12 கிலோ தெளித்தால் 66 விதை விழும்; பாதி போனாலும் குறையில்லை. நெல் தரிசுக்கென்றே, அதாவது நெல் அறுத்த வயலில் மிச்ச ஈரத்தில் விளைவதற்கென்றே வந்த ஆடுதுறை 3, ஆடுதுறை 6 போன்ற இரகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) கலந்து, அதன் பிறகு ஆறிய கஞ்சியில் ரைசோபியம் (தழைச்சத்தை நிலைநிறுத்தும் நுண்ணுயிர்) சேர்த்து நிழலில் உலர்த்தித் தெளியுங்கள். வீட்டு விதையாக இருந்தால் நூறு விதையை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து முளைப்பைப் பார்க்காமல் வயலுக்குக் கொண்டு போக வேண்டாம். பயறு வண்டின் புழு உள்ளே தின்ற விதையும், துளை விழும்வரை வெளிப்பார்வைக்கு எடுப்பாகவே இருக்கும்.

அறுவடை முடிந்த அன்றோ மறுநாளோ செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வண்டி பின்னால் தள்ளிவிட்டுப் போகும் வைக்கோல் வரிசையின் அடியில் முளைக்கும் உளுந்து வெளிச்சமின்றி வெளுத்து, நீண்டு, சாயும். வைக்கோலை உடனே அகற்றுங்கள். கட்டு கட்டும் டிராக்டருக்காக ஒரு வாரம் காத்திருந்தால் அதன் டயரும் முளைத்த செடியின் மேல்தான் ஓடும். நெல் மறுதாம்பும் (அறுத்த தாளிலிருந்து மீண்டும் துளிர்ப்பது) புல்லும் மிகுந்தால், விதைத்த 15 முதல் 20 நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போது, குவிசலோபாப் எத்தில் 5 சதவீதக் களைக்கொல்லியை ஏக்கருக்கு 400 மில்லி தெளிக்கலாம். அகன்ற இலைக் களைகளை அது ஒன்றும் செய்யாது.

பூ உதிர்வுக்கு வருவோம். நெல் தரிசில் அடியுரம் இட வழியில்லை. பனியையும் மிச்ச ஈரத்தையும் நம்பியே செடி வளர்கிறது. பூக்கும் நேரத்தில் ஈரமும் சத்தும் ஒருசேரக் குறைவதால்தான் பூ நிற்பதில்லை. இதற்கு 2 சதவீத டிஏபி உரக் கரைசல் கை கண்ட வழி. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முதல் நாள் மாலை 20 லிட்டர் நீரில் ஊற வைத்து, மறுநாள் தெளிந்த நீரை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு முறையும் பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். காலை அல்லது மாலை நேரமே ஏற்றது. கலக்கிய கரைசலை வடிக்காமல் ஊற்றி, நாசில் அடைத்துக்கொண்டு, வரப்பில் உட்கார்ந்து ஊசியால் குத்திக்கொண்டிருப்பதை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

மஞ்சள் தேமல் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு வார்த்தை. வெள்ளை ஈ பரப்பும் இந்த நச்சுயிரி நோய்க்கு வந்த பின் மருந்து கிடையாது. முதல் மஞ்சள் செடிகளைக் கண்டவுடன் பிடுங்கி அழித்து, ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள்.

தையில் மழை வராது என்றும் இருந்துவிடக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டாவில் பெய்த மழையில் சாய்ந்த நெல்லோடு முளைத்திருந்த உளுந்தும் நீரில் நின்றது. வண்டி வெளியேறிய அன்றே, செயின் பதிந்த பள்ளங்களை வடிகாலோடு இணைத்து மண்வெட்டியால் கீறிவிடுங்கள். ஏக்கருக்கு ஓர் ஆளின் அரை நாள் வேலைதான்.