பி-26 மராடர்: பயிற்சியில் எஞ்சின் போனால்? – கேள்வி பதில்

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், புளோரிடாவின் மெக்டில் பயிற்சித் தளம். கேளுங்கள்.

கே: "தினம் ஒன்று தம்பா விரிகுடாவில்" என்பார்களே, உண்மையா சார்?
ப: அங்கே பறந்தவர்களின் நக்கல் அது. விழுந்தது நிறைய, தினம் ஒன்று இல்லை. இதைக் கணக்காக எடுத்துக் கட்டுரை எழுதிவிடாதீர்கள்.

கே: பையன்களுக்கு ஓட்டத் தெரியவில்லையா, விமானமே கோளாறா?
ப: மூன்றாவது குற்றவாளி ஒன்று உண்டு: பேட்டரி. இதன் புரொப்பல்லர் இதழ்களின் கோணத்தை மாற்றியது மின்சாரம். தரையில் சோதிக்கும்போது வெளி மின்சாரத்தை மாட்டாமல், அனுபவமில்லாத மெக்கானிக்குகள் விமானத்து பேட்டரியிலேயே வேலையை முடித்துவிடுவார்கள். கிளம்பும் நேரத்தில் சார்ஜ் போதாது. இதழ் தட்டையாகப் படுத்துவிடும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் அலறும், இழுவிசை போய்விடும். சக்கரம் அப்போதுதான் மடங்கிக்கொண்டிருக்கும்; கீழே தண்ணீர். பயந்தவன் கை மூக்கைத் தூக்கும். வேகம் இறங்கினால் சுக்கானுக்குப் பிடி கிடையாது. நல்ல எஞ்சினே விமானத்தைச் செத்த பக்கமாகப் புரட்டிவிடும். மூக்கைத் தாழ்த்த வேண்டும், தேவைப்பட்டால் நல்ல எஞ்சினையும் குறைக்க வேண்டும். மனசு கேட்காது!

கே: செத்த எஞ்சின் பக்கம் திரும்பினால் சாவுதானாமே?
ப: இல்லை. விமானிகளின் பயத்தைப் போக்க, டோக்கியோமேல் குண்டுவீசிப் பேர்பெற்ற விமானி டூலிட்டிலை அனுப்பினார்கள். கிளம்பும்போதே ஒரு எஞ்சினை நிறுத்தி, அந்தப் பக்கமே திருப்பி, சுற்றி வந்து இறக்கிக் காட்டினார்.

கே: அவர் டூலிட்டில் சார்! நேற்று சேர்ந்த பையனால் முடியுமா?
ப: நியாயமான சண்டை. அவர் காட்டியது சாகசம் அல்ல. வேகம் இருந்தால் எந்தப் பக்கமும் திரும்பலாம் என்பதைத்தான். வேகம் சேருமுன் எஞ்சின் போனால் அவருக்கும் அதே தண்ணீர்தான். அந்த அளவில் நான் உங்கள் கட்சி.

கே: இறக்கையை நீட்டியதும் எல்லாம் சரியாகிவிட்டதே?
ப: 65 அடி 71 ஆனது, கூடவே எடையும் ஏறியது. நீட்டியதில் மிஞ்சியது கொஞ்சம். பராமரிப்பும் பயிற்சியும் திருந்தியதுதான் காப்பாற்றியது. பிறகு ஐரோப்பாவில், 9-ஆம் விமானப்படையில், தாக்குதலுக்குப் பறந்தவற்றில் இதன் இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே.

கே: செத்த எஞ்சின் பக்கம் திரும்பலாமா?
ப: மேலே பார்க்கவும்.

கே: பி-29 எஞ்சின் தீ?
ப: அது வேறொரு குண்டுவீச்சு விமானம். எஞ்சினில் இருந்த மெக்னீசியம் பற்றினால் அணைப்பது பெரும்பாடு. தனிக் கதை, இன்னொரு நாள்.

கே: சார், செத்த எஞ்சின் பக்கம்...
ப: தம்பி, வேகம் எவ்வளவு? அதை முதலில் சொல்லுங்கள்.