மண்ணில்லாத் தக்காளிக்கு எந்த ஊடகம்?

வாளியில் மண்ணில்லாமல் தக்காளி வளர்க்க, வேர் ஊன்றி நிற்கும் ஊடகமாகத் தேங்காய் நார்க்கழிவு, பெர்லைட் (சூட்டில் பொரிந்த வெள்ளை எரிமலைப் பாறைத் துணுக்கு), சுட்ட களிமண் உருண்டை, ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு) இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் பம்ப் எப்படி ஓடும் என்று பாருங்கள். உரம் கலந்த கரைசல் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தால் களிமண் உருண்டை போதும். கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால் ஈரத்தை அதிகம் பிடித்து வைக்காது. காய்ப்பு நேரத்தில், நல்ல வெயிலில் மின்சாரம் போனால் செடி சீக்கிரம் துவண்டுவிடும்.

நேரம் வைத்துச் சொட்டுநீர் விடுவதாக இருந்தால், என் ஓட்டு நார்க்கழிவும் பெர்லைட்டும் பாதிக்குப் பாதி கலந்த கலவைக்குத்தான். ஒன்று ஈரம் பிடிக்கும், மற்றது வேருக்குக் காற்று விடும். சிக்கல் நார்க்கழிவில்தான் இருக்கிறது. அதில் பொட்டாசியமும் சோடியமும் இயல்பாகவே ஒட்டியிருக்கும். நாம் ஊற்றும் கரைசலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு இவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் போதாவிட்டால் காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போலக் காய்ந்து குழியும். அதனால் நார்க்கட்டியை நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டு, அப்புறம் மறுபடி அலசுங்கள். பாக்கெட்டில் ‘கழுவியது’ என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். கழுவினால் மேலாக உள்ள உப்பு போகும், நாரோடு ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் போகாது.

பெர்லைட்டை நனைத்துவிட்டுக் கையாளுங்கள், தூசி மூக்கில் ஏறும். ராக்வூல் நாற்றுக்கு அருமை. அதன் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) அதிகம் என்பதால் பி.எச். 5.5 உள்ள நீரில் ஊறவைத்துவிட்டு விதை போடுங்கள்.