ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்கு வரும் நர்ஸ், பிசியோ செலவை இன்சூரன்ஸ் தருமா?

கேள்வி குடியாத்தத்தில் இருக்கும் 74 வயது அம்மாவைப் பற்றியது. வேலூரில் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்புகிறார்.

குளிப்பாட்ட, தூக்கி உட்கார வைக்க ஆள் வைத்தால், அந்தச் சம்பளத்தைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. பிசியோ செலவுக்கு வழி உண்டு. பாலிசியில் 'டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு' என்ற பகுதியைப் பாருங்கள். வீடு திரும்பிய பின் பொதுவாக 60 அல்லது 90 நாள் வரையிலான செலவு அதில் அடங்கும். க்ளெய்ம் அடிபடுவது பெரும்பாலும் காகிதத்தில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வீட்டில் தினமும் பிசியோதெரபி, ஆறு வாரம்" என்பதுபோல டாக்டர் எழுதியிருக்க வேண்டும். வார்டை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள், பிறகு அலைவது கொடுமை. பிசியோ தரும் பில்லில் நோயாளி பெயர், வந்த தேதிகள், ஒரு தடவைக்கு எவ்வளவு, பதிவு எண், கையெழுத்து எல்லாம் வேண்டும். துண்டுச் சீட்டு செல்லாது.

பாலிசியில் 'டொமிசிலியரி' (வீட்டுச் சிகிச்சை) என்று இருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய்க்கு, நகர்த்த முடியாததாலோ படுக்கை இல்லாததாலோ வீட்டிலேயே பார்க்கும் சிகிச்சைக்கானது அது. சுகர், பிபி, ஆஸ்துமாவைப் பல பாலிசிகள் அதில் விலக்கிவிடும்.

70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஆயுஷ்மான் வய வந்தனா கார்டுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. வீட்டு நர்ஸுக்கு இல்லை. மாறாக, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ இலவசமாக வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.