அம்மா சைவம், கணவர் மாடு சாப்பிடமாட்டார்: சியோலில் கல்குக்சுவும் மந்துவும் எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: மே மாத விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் சியோல் போகிறோம். கொரியன் சீரியல் பார்த்துப் பார்த்து, கல்குக்சுவும் மந்துவும் சாப்பிட்டே ஆகவேண்டும் என்கிறாள் மகள். அவளுக்கு 9 வயது, காரம் ஆகாது. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. கணவர் மாட்டிறைச்சி தொடமாட்டார். எனக்கு எதுவும் பிரச்சினை இல்லை. எந்த மாதிரிக் கடைக்குப் போகலாம், என்ன சொல்லிக் கேட்பது, எவ்வளவு ஆகும்? (மதுரை வாசகி)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாதாரணக் கல்குக்சு சாப்பிடுவது நடக்காது. மூன்று பேருக்குத் தாராளமாக நடக்கும். அம்மாவுக்குத் தனி ஏற்பாடு வேண்டும், அதற்கும் வழி இருக்கிறது.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். கொரிய மொழியில் 'கல்' என்றால் கத்தி, 'குக்சு' என்றால் நூடுல்ஸ். கோதுமை மாவைப் பிசைந்து, சப்பாத்திபோல் பெரிதாகத் தேய்த்து, மடித்துக் கத்தியால் நறுக்குவதால் இந்தப் பெயர். மந்து என்பது மாவுக்குள் பூரணம் வைத்து மடித்த கொழுக்கட்டை. கடையில் போய் 'மண்டு' என்று கேட்டாலும் அவர்களுக்குப் புரியும், உங்கள் மகள்தான் சிரிப்பாள்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமானது நூடுல்ஸ் இல்லை, அது மிதக்கும் சாறு. பெரும்பாலான கடைகளில் நூடுல்ஸைத் தனியாக வேகவைத்து வடிப்பதில்லை. கொதிக்கும் சாற்றிலேயே போட்டு வேகவிடுவார்கள். மாவு கரைந்து சாறு கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாவதுதான் கல்குக்சுவின் ருசி. அதனால்தான் 'கறி இல்லாமல் கொடுங்கள்' என்று கேட்டுப் பயனில்லை. மேலே தூவும் கொத்துக்கறியை நிறுத்துவார்கள், அண்டாவில் காலையிலிருந்து கொதிக்கும் சாறு அதேதான்.

அந்தச் சாறு பெரும்பாலும் நெத்திலிக் கருவாட்டையும் கடல்பாசியையும் கொதிக்கவைத்து எடுத்தது. பெயர் 'மியோல்ச்சி'. நமக்குக் கருவாடு என்றால் மூக்கைத் துளைக்கும், அங்கே அது குடலும் தலையும் எடுத்துப் பக்குவமாக வேகவைத்தது. வாசனை தெரியாமல் ருசி மட்டும் தங்கும். அம்மா குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் ஆபத்து. அடுத்து, மட்டி போட்ட 'பஜிராக்' கல்குக்சு. இதைப் பல கடைகளில் இரண்டு பேருக்குக் குறையாமல் ஒரே பெரிய பாத்திரத்தில்தான் கொண்டுவருவார்கள். கோழிச் சாறு 'தக்' கல்குக்சு. மாட்டெலும்புச் சாறு 'சகோல்' கல்குக்சு: உங்கள் கணவர் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் இதுதான். மற்ற மூன்றும் அவருக்கு ஒத்துவரும், ஆனாலும் மேலே தூவுவது என்ன கறி என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். பன்றி சாப்பிடுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடுவார் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மந்துவை மறந்துவிடச் சொல்லுங்கள்.

ஏனென்றால் மந்துப் பூரணத்தில் பன்றிதான் ராஜா. கூடவே டோஃபு, பூண்டு மணக்கும் கீரை, சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ் இருக்கும். கிம்ச்சி (காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) மந்து, இறால் மந்து என்று பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் பன்றிக் கறி கொஞ்சமாவது இருக்கும். 'யாச்சே மந்து' என்றால் காய்கறி மந்து. அதை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். சைவ நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெருமையாக யாச்சே மந்து சொன்னேன். பிய்த்துப் பார்த்தால் முட்டைக்கோஸுக்கு நடுவே கறி. கடைக்காரம்மாவைக் கேட்டால், 'காய்தான் நிறைய, கறி கொஞ்சம்தான்' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். கணவருக்கும் ஒரு எச்சரிக்கை: வடகொரிய ஊர்களான கேசொங், பியொங்யாங் பாணியில் செய்யும் பெரிய மந்துவில் மாட்டுக்கறியும் கலப்பதுண்டு.

இதற்கெல்லாம் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. கொரியாவில் உணவகங்கள் தாங்கள் பயன்படுத்தும் இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று வாடிக்கையாளர் பார்வையில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் மாட்டியிருக்கும் அந்தப் பலகையை பாப்பாகோ செயலியின் கேமராவால் படம்பிடித்தால் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். தேஜிகோகி என்றால் பன்றி, சோகோகி என்றால் மாடு, தக்கோகி என்றால் கோழி. நாடு எதுவாகவும் இருக்கட்டும், பட்டியலில் பெயர் இருந்தால் சமையலறையிலும் இருக்கிறது. எந்தப் பண்டத்தில் என்ன என்றும் பல கடைகளில் அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். ஆனால் சாற்றுக்குப் போடும் நெத்திலி இந்தப் பலகையில் வராது, ஆகவே அம்மாவுக்கு இது போதாது. 'மியோல்ச்சி யுக்சுயேயோ?', அதாவது 'நெத்திலிச் சாறா?' என்று வாய்விட்டே கேளுங்கள். 'நான் கறி சாப்பிடமாட்டேன்' என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, அம்மாவுக்கு என்ன? நீங்கள் மே மாதம் போவது நல்லதாகப் போயிற்று. வெயில் ஏற ஏற 'கொங்குக்சு' போடத் தொடங்குவார்கள்: சோயாவை ஊறவைத்து, வேகவைத்து, அரைத்த குளிர்ந்த பாலில் கோதுமை நூடுல்ஸ். உப்பே இருக்காது, மேஜையில் இருக்கும் உப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மேலே அரை முட்டை வைக்கும் கடைகள் உண்டு, 'கேரான் பே ஜுசெயோ' என்றால் முட்டையை விட்டுவிடுவார்கள். இன்னொன்று 'பாத்' கல்குக்சு: சிவப்புப் பயற்றைக் கரைத்த கெட்டிக் கஞ்சியில் நூடுல்ஸ், சர்க்கரையோ உப்போ சேர்த்து. தென்மேற்கே ஜொல்லா பக்கத்துப் பண்டம், சியோலிலும் கிடைக்கும். நம் ஊர்ப் பயற்றங்கஞ்சி பிடிக்குமென்றால் அம்மாவுக்கு இது பிடித்துவிடும். கூட வரும் கிம்ச்சியை மட்டும் தொட வேண்டாம்; அதில் பெரும்பாலும் இறால் அல்லது மீன் புளித்த சாறு சேர்ந்திருக்கும்.

இதிலும் சந்தேகம் என்றால் ஜோக்யேசா பௌத்தக் கோயிலுக்கு எதிரே பல்வு கொங்யாங் என்ற கோயில் உணவகம் இருக்கிறது. மீன், கறி மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. விலை நூடுல்ஸ் கடையைப்போல் பல மடங்கு, முன்பதிவும் வேண்டும். ஒரு நாள் அம்மாவுக்காக எல்லோரும் போகலாம். கொரியத் துறவிகள் நூடுல்ஸுக்கு வைத்திருக்கும் பெயர் 'சுங்சோ', துறவியின் புன்னகை. தினமும் ஒரே மாதிரிச் சாப்பிடுகிறவர்களுக்கு நூடுல்ஸ் வந்தால் முகம் மலருமாம்.

மற்ற மூன்று பேருக்கு நான் இரண்டு இடம் சொல்வேன். மியொங்டொங் க்யோஜா 1966-இல் தொடங்கிய கடை. கொரியப் போர் முடிந்து அமெரிக்கக் கோதுமை மாவு உதவியாக வந்து குவிந்த காலம், அரிசியைச் சேமியுங்கள், மாவுப் பண்டம் சாப்பிடுங்கள் என்று அரசே சொன்ன காலம் அது. மொத்தம் நான்கே பண்டங்கள், அதில் கொங்குக்சு கோடைக்கு மட்டும். கல்குக்சுவில் கோழிச் சாறு, மேலே கொத்துக்கறி, சில மெல்லிய மந்து. வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் மளமளவென்று நகரும். சொல்லும்போதே பணம் வாங்கிவிடுவார்கள். அந்தக் கிம்ச்சியின் பூண்டு வாசனை மறுநாள்வரை உங்களோடு வரும்.

இன்னொன்று நம்தேமுன் சந்தையின் கல்குக்சு சந்து. ஹ்வெஹியொன் ரயில் நிலையத்தில் 5-ஆம் வாசல். பெஞ்சில் இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஒன்று சொன்னால் இன்னொன்று சின்னக் கிண்ணத்தில் இலவசமாக வரும்: கல்குக்சுவோடு காரமான குளிர் நூடுல்ஸ் கொடுப்பார்கள். எனக்கு இந்தச் சந்துதான் பிடிக்கும். குழந்தையோடும் வயதானவரோடும் போகிறவர்களுக்கு முதலாவது கடைதான் சௌகரியம்.

மகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கல்குக்சு இயல்பாகவே காரமில்லாதது. சிவப்பாக இருக்கும் 'ஜாங்' கல்குக்சுவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மேலே மிளகாய் விழுது வைத்துக் கொண்டுவந்தால் கலக்காமல் எடுத்துவிடலாம். வழுக்கும் இரும்புச் சாப்ஸ்டிக்தான் அவளுக்குச் சவால். ஹூண்டாய் தொழிற்சாலை வந்தபிறகு சென்னையில் கொரியன் உணவகங்கள் வந்திருக்கின்றன. கிளம்பும் முன் ஒரு தடவை அங்கே பழகிப் பார்க்கட்டும்.

செலவு: ஒரு கிண்ணம் சுமார் 9,000 முதல் 12,000 வோன், மந்து ஒரு தட்டும் கிட்டத்தட்ட அவ்வளவே. 10,000 வோன் என்றால் ஏறக்குறைய 600 ரூபாய். பலகையில் போட்ட விலையில் வரி அடக்கம், டிப்ஸ் வழக்கமே இல்லை. கிம்ச்சி மறுபடி கேட்டால் காசு கிடையாது. தண்ணீரை நாமே எடுத்துக்கொள்வது வழக்கம். சாப்ஸ்டிக்கைக் காணோம் என்று தேடாதீர்கள், மேஜையின் பக்கவாட்டு இழுப்பறையில் இருக்கும்.

கடைசியாக இரண்டு விஷயம். மதியம் 3 மணியிலிருந்து 5 மணிவரை பல கடைகளில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், 3 மணிக்கு முன்பே போய்விடுங்கள். அப்புறம், தலைக்கு ஒரு பண்டம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் கடைகள் நிறைய. அம்மா சும்மா உட்கார்ந்திருப்பார் என்றால் உள்ளே நுழையும்போதே கேட்டுவிடுங்கள். கொங்குக்சு இருக்கும் கடையாகப் பார்த்துப் போனால் அந்தக் கேள்வியே எழாது.