குழல் முனையில் ஒரு திருகு: ஷாட்கன் சோக் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய அமெரிக்க ஷாட்கன்கள் சிலவற்றில் குழல் முனை குமிழ்போலப் பருத்திருக்கிறதே, ஏன்?

அது திருகி மாற்றும் சோக், அதாவது குழல் முனையின் குறுக்கம். ஷாட்கன் தோட்டாவில் ரவைகள் எனப்படும் சிறு உலோகக் குண்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். குழல் முனை சற்றே குறுகினால் அவை நெருங்கிப் பறக்கும். குறுகாவிட்டால் சீக்கிரம் விரியும். பக்கத்தில் எழும் காடைக்கு விரிவு வேண்டும், உயரத்தில் போகும் வாத்துக்கு நெருக்கம் வேண்டும். 1930களில் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து கிடந்தபோது ஒற்றைக் குழல் பம்ப் துப்பாக்கி வைத்திருந்தவருக்கு இன்னொரு குழல் வாங்குவது பெரிய செலவு. அப்போது வந்ததுதான் கனெக்டிகட் மாநிலத்தின் பாலி-சோக். முனையில் நீளவாக்கில் கீறிய எஃகு விரல்கள், அவற்றின் மேல் ஒரு வளையம். வளையத்தைத் திருகினால் விரல்கள் நெருங்கும். டிரில்லிங் மெஷினின் சக் இறுகுவது போலத்தான். மொத்தம் ஒன்பது நிலைகள். கையாலேயே, நொடியில் மாற்றலாம். அந்த எளிமையை இன்றும் நான் மெச்சுகிறேன்.

கேள்வி: கட்ஸ் காம்பன்சேட்டரும் இதே வகைதானா?

இல்லை. மரைன் படை அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ் வடிவமைத்து லைமன் நிறுவனம் விற்ற அதில் பக்கவாட்டுத் துளைகள் கொண்ட கூண்டும், கழற்றி மாட்டும் குழாய்களும் உண்டு. ஸ்கீட் என்ற, பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் கலந்துகொள்பவர்கள் அதை விரும்பினார்கள். துளைகள் வழியே வெடிச்சத்தம் பக்கவாட்டில் பாய்வதால் பக்கத்தில் நிற்பவரின் காதுக்குத்தான் சோதனை.

கேள்வி: இவ்வளவு வசதியான பொருள் ஏன் வழக்கொழிந்தது?

வேலை செய்யாததால் அல்ல. முதல் குறை தோற்றம். மெலிந்து நீண்ட குழலின் நுனியில் ஒரு கட்டி. பலருக்குக் கண்ணை உறுத்தியது. அடுத்தது எடை. நுனியில் சேரும் சிறு பாரமும் துப்பாக்கியை வீசிச் சுழற்றும்போது தெரியும். குமிழின் மேல் நிற்கும் உயரமான குறிமணியால், அதாவது குறிபார்க்க உதவும் சிறு மணியால், சில துப்பாக்கிகள் தாழச் சுட்டன.

ஆனால் உண்மையான அடி 1969இல் விழுந்தது. வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனம் அந்த ஆண்டு வின்சோக் என்ற பெயரில், குழலுக்குள்ளேயே திருகிப் பொருத்தும் குட்டிக் குழாய்களைக் கொண்டுவந்தது. வெளியே குமிழ் எதுவும் தெரியாது. மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன. ரெமிங்டன் 1986இல் வந்தது. தொழிற்சாலையிலிருந்தே மூன்று குழாய்களோடு துப்பாக்கி கிடைக்கும்போது, குழலை அறுத்துக் குமிழ் பொருத்த யார் பட்டறைக்குப் போவார்கள்?

இடையே ரவையும் மாறியது. ஈயத்தை விழுங்கிய நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறந்ததால், நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்கு அமெரிக்கா முழுவதும் 1991இல் தடை வந்தது. எஃகு ரவை ஈயம்போல் நசுங்காது. இறுகிய பழைய விரல்களை விரித்துச் சிதைத்துவிடக்கூடும்.

கேள்வி: வளையத்தில் ‘ஃபுல்’ என்று இருந்தால் அப்படியே நம்பலாமா?

நம்பாதீர்கள், சுட்டுப் பாருங்கள். 40 கஜத் தூரத்தில் பெரிய காகிதம் ஒன்றைக் கட்டிச் சுடுங்கள். ரவைகள் அதிகம் விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு எண்ணுங்கள். ரவைகளில் 70 விழுக்காடு உள்ளே இருந்தால் ஃபுல், அதாவது நல்ல இறுக்கமான சோக். 60 என்றால் மாடிஃபைட், அதைவிடச் சற்றுத் தளர்ந்தது. அதே நிலையில் வேறு தோட்டாவைப் போட்டால் கணக்கு மாறும். இந்தச் சோதனை உள்திருகுக் குழாய்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: ஓஹையோவில் பழைய வின்செஸ்டர் மாடல் 12 ஒன்று வாங்கினேன். முனையில் பாலி-சோக். அறுத்து எடுத்துவிடலாமா?

வேண்டாம். அதைப் பொருத்தும்போதே மூலக் குழலின் நுனியை அறுத்திருப்பார்கள். இப்போது எடுத்தால் எந்த இறுக்கமும் இல்லாத கட்டைக் குழல்தான் மிஞ்சும், சேகரிப்பாளர் விலையும் திரும்பாது. முதலில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து விரல்களில் விரிசல் இருக்கிறதா, இணைப்பு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கரித்தூளைத் துடைத்து, வளையத்துக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள். பிறகு ஈய ரவையோடு களிமண் தட்டுகளைச் சுட எடுத்துச் செல்லுங்கள்.