ஈக்வடாரின் கோடு ஏன் ஏறியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிலைக்கும் கதவுக்கும் தேக்கு தேடிப் போனபோது மரவாடியில், "இது ஈக்வடார் தேக்கு சார், பர்மா எல்லாம் இப்ப எங்க வருது" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஐ.நா.வின் வர்த்தகப் புள்ளிவிவரத் தளமான காம்ட்ரேட்டில் இரு நாடுகளின் அறுத்த வன்மர ஏற்றுமதி மதிப்பை எடுத்து, ஆண்டுவாரியாகக் கோடு போட்டேன். 2020 வாக்கில் ஈக்வடார் விர்ரென்று ஏறுகிறது. பர்மாவின் சந்தையை அது பிடித்துவிட்டது என்று கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே.,

கடைக்காரர் சொன்னது ஓரளவு சரி. ஆனால் உங்கள் கோடு அதைச் சொல்லவில்லை.

வன்மரம் என்பது தாவரவியல் பிரிவு. மரம் கெட்டியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தூக்கினால் தெர்மாகோல் மாதிரி இருக்கும் பால்சாவும் வன்மரம்தான். 2020இல் சீனாவில் காற்றாலைகளை அவசர அவசரமாக நிறுவினார்கள். இறக்கைக்குள் வைக்க பால்சா வேண்டும். அதை உலகுக்கு அதிகம் விற்பது ஈக்வடார். உங்கள் கோட்டில் ஏறியது காற்றாலை!

ஈக்வடாரிலிருந்து நமக்கு வரும் தேக்கில் பெரும்பகுதி அறுக்காத தடி. அது 4403 என்ற சுங்க எண்ணில் போகும். நீங்கள் எடுத்தது அறுத்த மரத்துக்கான 4407. சர்வதேசப் பட்டியலில் தேக்குக்கென்று தனி ஆறிலக்க எண் வந்ததே 2022இல்தான்.

பர்மா பக்கம் இன்னும் சிக்கல். 2014 ஏப்ரல் 1 முதல் அவர்கள் தடி ஏற்றுமதியைத் தடைசெய்தார்கள், அறுத்த மரத்தை அல்ல. ஆகவே 4403 விழுந்தால் காடு தீர்ந்தது என்றோ, 4407 ஏறினால் வியாபாரம் செழித்தது என்றோ பொருளில்லை. அப்புறம், சட்டப்படி மரம் யாங்கூன் துறைமுகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வடக்கே காச்சின் மாநிலத்திலிருந்து லாரியில் எல்லை தாண்டி சீனாவின் யுன்னானுக்குப் போனது பர்மாவின் கணக்கில் ஏறாது. சீனாவின் இறக்குமதிக் கணக்கில் ஏறும். விற்றவர் கணக்கு கப்பலில் ஏற்றும்வரையிலான விலை, வாங்கியவர் கணக்கு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது என்பதால் கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும். வித்தியாசம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றால் அது கப்பல் கூலி இல்லை.

மதிப்பைக் கன அளவால் வகுத்துப் பார்க்கலாமே என்பீர்கள். சரி, எந்தக் கன அளவு? பர்மா தேக்கு ஹாப்பஸ் டன்னில் விற்கப்படுவது. பேர்தான் டன், அது எடையல்ல, கன அளவு. சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார்கள். 8 அடிச் சுற்றளவு, 10 அடி நீளத் தடி என்றால் 2 x 2 x 10, அதாவது 40 கன அடி. அதே தடியை நிஜ உருளையாகக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 51. அறுக்கும்போது போகும் சேதாரத்துக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஏற்பாடு. ஒரு நாடு இப்படியும் இன்னொரு நாடு அப்படியும் அளந்திருந்தால், விலை ஏறாமலே ஏறின மாதிரி தெரியும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தியாவின் இறக்குமதிக் கணக்கைத்தான் எடுப்பேன். நம் எட்டிலக்க எண்ணில் தேக்குத் தடி முன்பிருந்தே தனியாக இருக்கிறது. ஈக்வடார் கோட்டை விட மனமில்லை என்றால், அதில் பால்சா இருக்கும் 440722ஐ மட்டும் கழித்துவிட்டு மறுபடி போட்டு அனுப்புங்கள், பார்க்கிறேன்.